தொடர்புப் பட்டியல்

கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடம்,
ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு
எனக்கு ஒரு பாய், ஒரு வாளி, பாதிச் சோப்பு.
கரும்பலகையில் இன்னமும் மார்ச் பதினாறு.
வருகை முப்பத்தொன்று.

ஜன்னலுக்கு வெளியே மலை.
ராத்திரி, மெட்டில் செக்போஸ்ட் விளக்கு
அணையாமல் என்னையே பார்க்கும்.

சுகாதார ஆய்வாளர் நிலைப்படி தாண்டவில்லை.
"மலைக்குப் போன நாள் தொட்டு
உனக்குப் பக்கத்துல யார் யார் இருந்தா?
மூணடிக்குள்ள. யோசிச்சுச் சொல்லு."

சிரித்துவிட்டேன்.
ஐயா, நீங்க தவசியண்ணன் ஜீப்பில் ஏறியதில்லை.
எட்டுப் பேர் வண்டியில் பத்தொன்பது உருப்படி.
என் வலது முட்டி
ஒச்சம்மாவின் இரண்டு முட்டிக்கும் நடுவில்.
தோளில் ரெஜினாவின் தூக்கம்.
மடியில் யாருடைய தூக்குச்சட்டியோ,
ரசம் கசிந்து சேலை நனையும்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
ஒரே உடம்பாகச் சாய்ந்து
ஒரே உடம்பாக நிமிர்வோம்.
அதில் இருமியது எந்த வாய் என்று
எப்படிச் சொல்ல?

மெட்டில் கேட் போட்ட அன்று
மேலேயே மாட்டிக்கொண்டோம்.
பேபிச்சன் முதலாளி லயத்தைத் திறந்துவிட்டார்,
அறைக்கு ஏழு பேர்.
முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு
"அகலம் வேணும், அகலம் வேணும்" என்பார்.
ஏலச்செடிக்கு
எட்டடிக்கு எட்டடி குழி அளந்து நட்டவர்கள்தான் நாங்கள்.
எங்களை யாரும் அளந்து நட்டதில்லை.

இருபது நாள் கப்பக்கிழங்கு.
இருபத்தொன்றாம் ராத்திரி
காட்டுப்பாதையில் இறங்கினோம், ஒன்பது பேர்.
இதையெல்லாம் சொன்னேன்.
பேர், தெரு, வீட்டுக்காரர் பேர்,
ரெஜினாவின் சீனி வியாதி உட்பட.

பாட்டிலை மட்டும் சொல்லவில்லை.

பாதி இறக்கத்தில் ஒச்சம்மா வாய் வைத்துக் குடித்தாள்.
வழுக்குப் பாறையில், அந்த இருட்டில்,
அண்ணாந்து குடிக்க யாரால் முடியும்.
மிச்சத்தை நான் குடித்தேன்.
அப்போதே அவளுக்கு நெஞ்சு இழுத்தது.
ஆய்வாளர் நோட்டில்
பேருக்குப் பேர் அம்பு போட்டுக்கொண்டிருந்தார்.
அம்பு என்றால் எய்தவள் ஒருத்தி வேண்டுமே.

மூன்றாம் நாள்
ஏழாம் வகுப்பிலிருந்து அவளை ஏற்றினார்கள்.
வெள்ளை உறை போட்ட நாலு பேர்,
முகம் இல்லை.
வேன் கதவு சாத்தும்போது கத்தினாள்:
"ஏ, எங்க வீட்டுக் கோழிய யாராச்சும் அடைங்கடி!"

எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.
புறங்கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.
பாத்திரம் தேய்த்துத் தேய்த்து
அது போக மூன்று வாரமானது.
அவள் வீட்டு வாசலில் அடித்த தகரம்
அதற்குப் பிறகும் இருந்தது.
கோழியை நான்தான் வைத்திருந்தேன்.
இரண்டு முட்டை தின்றதையும்
யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் மறுபடி ஜீப்.
பாஸ் இருந்த ஐந்து பேர்.
சீட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார் தவசியண்ணன்.
முதல் வளைவில் பழக்கத்தில் சாய்ந்தேன்.
தாங்க ஆள் இல்லை.
நெற்றி கம்பியில் இடித்தது.

எதிர்க் கோட்டில் ஒச்சம்மா,
ரவிக்கை இரண்டு விரல் தளர்ந்து.
வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பத்து மணிக்குச் சரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தவள்
ஒரு காயை நகத்தால் பிளந்தாள்.
மாஸ்க்கை இறக்கி மோந்தாள்.
இன்னொன்று பிளந்தாள்.
மூன்றாவதை
செடிகளுக்கு மேலாக என்னிடம் எறிந்தாள்.

"மணக்குதா?"
"மணக்குது."
"எப்படி?"

பதினெட்டு வருஷம் பறித்த காய்.
இனிப்பு என்றால் பொய்,
காரம் என்றால் அதுவும் பொய்.
கற்பூரமா, மழையா,
வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

பிறகு எட்டடியைக் கடந்துபோய்
அட்டை ஊரும் அந்த ஈரத்தில்
அவள் முட்டியோடு முட்டி வைத்து உட்கார்ந்தேன்.

மேலே மேட்டிலிருந்து
கங்காணி விசில் ஊதிக்கொண்டே இருந்தான்.